வெயில் விழும் சரிவு

பெர்கன், 22 ஆகஸ்ட் 1976

அன்புள்ள போர்க்ஹில்ட் அக்கா,

லீவுக்குப் போயித் தங்க மலைல குடில் கட்ட இடம் கெடச்சாச்சு! மூணு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பொண்டாட்டி வென்கேயையும் பொண்ணு சில்யேவையும் கார்ல ஏத்திக்கிட்டு மலை மலையா அலஞ்சேன். ஒரு எடத்துல தண்ணி இல்ல. ஒரு எடத்துல ரோட்டுலேர்ந்து ரெண்டு மணி நேரம் நடை. இன்னொரு எடத்துல குடிலுக்குக் குடில் ஒட்டிக்கிட்டு, பக்கத்துக்காரன் தும்மினா நாம மூஞ்சியத் தொடைக்கணும். எங்க கப்பல் பட்டறைல குடில் இல்லாத ஒரே எலெக்ட்ரீஷியன் நான்தான். ஈஸ்டர் முடிஞ்சு எல்லாரும் பனி வெயில்ல மூஞ்சி கறுத்து வந்து நிப்பானுங்க. என்னைப் பாத்து, "என்ன ஈவார், ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வரியா?"ம்பானுங்க. அடுத்த அடுத்த வருஷம் பாக்கலாம், யாரு மூஞ்சி கறுப்புன்னு.

எந்த ஊருன்னு சொல்லட்டுமா? நாற்காலியக் கெட்டியா பிடிச்சுக்க. ஸ்கோர்டால்! நம்ம ஸ்கோர்டால்தான். அங்க ஹௌகன்னு ஒருத்தர் நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால வெளியூர்லேர்ந்து வந்து பெரிய பண்ணையா வாங்கியிருக்கார். ஏரிக்கு மேல இருக்கற சரிவுல மனை குடுக்கறேங்கறார்.

மூணு வயசுல அந்த ஊர விட்டு வந்தவன் நான். ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அப்பா சாகற வரைக்கும் அந்தப் பேரையே வீட்டுல எடுக்கவிடல. அதனாலயோ என்னவோ, கார்லேர்ந்து எறங்கினதும் குனிஞ்சு அந்த மண்ணத் தொட்டுப் பாத்தேன். நம்ம வீடு எது, எந்தப் பக்கம் வாசல், எல்லாம் நீதான் சொல்லணும். நீ அந்த வடகோடி வார்டோவுல ஊரான் பிள்ளைங்கள மெரட்டினது போதும். குடில் முடிஞ்சதும் வந்து சூரியனப் பாரு.

உன் தம்பி,
ஈவார்


வார்டோ, 10 செப்டம்பர் 1976

தம்பி ஈவார்,

உன் கடிதம் கிடைத்தது. நாற்பத்து மூன்று வயதாகியும் கையெழுத்து திருந்தவில்லை.

ஸ்கோர்டால் வேண்டாம். கோடையில் பார்த்துவிட்டு மயங்காதே. அங்கே கொசு அதிகம், சில்யேவுக்கு ஆகாது. குளிர்காலத்தில் சாலையை அடைத்துவிடுவார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பள்ளத்தாக்கில் சூரியன் எட்டிப் பார்க்காது. ஏரி மீனும் சேற்று நாற்றம் அடிக்கும். ஹௌகன் என்ற அந்த ஆள் வெளியூர்க்காரர் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவருக்கு என்ன தெரியும்?

மலைதான் வேண்டுமென்றால் கிழக்கே மேட்டுச் சமவெளிப் பக்கம் போய்ப் பார். தரை மட்டமாக இருக்கும், அடர்ந்த காடு, பழைய மரங்கள். வென்கேவுக்கும் நடக்க எளிது. என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருவரின் குடும்பம் அங்கே மனை விற்கிறது, விலாசம் வாங்கி அனுப்புகிறேன்.

பழைய வீடு எது என்று எனக்கு நினைவில்லை.

போர்க்ஹில்ட்


பெர்கன், 3 அக்டோபர் 1976

அக்கா,

பதினோரு வயசு வரைக்கும் இருந்த வீடு நெனவில்லையா? ஆயிரம் பிள்ளைங்க பேரையும் அவங்க அப்பன் பேரையும் நெனவு வச்சிருக்கற ஆளு நீ. யாருகிட்ட கத விடற?

கொசு இருக்காம். நார்வேல கொசு இல்லாத ஊரு எது, வார்டோவா? அங்க கொசுவே வெறச்சுச் செத்துடும். ரோட்ட அஞ்சு வருஷமா அடைக்கறதே இல்லியாம், விசாரிச்சாச்சு. மீனையும் புடிச்சுத் தின்னாச்சு, நல்லாத்தான் இருந்துது. சூரியன் பள்ளத்துலதான் வராது. நான் பாத்த எடம் மேல. சாயங்காலம் ஏழு மணிக்கும் வெயில் விழுது. செவுத்துல முதுகச் சாய்ச்சுக்கிட்டு ஆரஞ்சு உரிச்சுத் தின்ன அதவிட நல்ல எடம் கெடையாது. மேட்டுச் சமவெளி காட்டுக்குள்ள போயி இருட்டுல ஒக்காரச் சொல்ற நீ.

இன்னொரு வசதி கேளு. அங்க ஒரு மரம் வெட்ட வேண்டாம். மேலேர்ந்து கீழ வரைக்கும் வெறும் புல்லு. அங்கங்க கைத்தடி கனத்துல பிர்ச் மரம், எல்லாம் கீழ்ப்பக்கமா வளஞ்சு வணக்கம் சொல்லிக்கிட்டு நிக்குது. சில்யே அதுல ஏறி ஊஞ்சல் ஆடினா.

ஊருல நம்ம மேல இன்னும் மரியாதை இருக்கு, தெரியுமா? கடைக்குப் போனேன். ஓசென்னு ஒரு அம்மா, உன் வயசு இருக்கும். "நீங்க ஆந்தர்ஸ் மகனா?"ன்னாங்க. ஆமான்னேன். "எங்க கட்டப் போறீங்க?" ஜன்னல் வழியா கையக் காட்டினேன். காபி ஊத்திக்கிட்டிருந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. "அங்கயா?"ன்னாங்க. அப்புறம், "சரி, உங்க குடும்பத்துக்குத் தெரியாததா"ன்னு சொல்லி ரெண்டு பன்னு கூடப் போட்டுக் குடுத்தாங்க. காசு வாங்கல.

கோயில் பக்கத்துல மார்கித் அக்கா கல்லறையையும் பாத்தேன். பேரும் 1936 மார்ச்சும் மட்டும் இருக்கு. ஏழு வயசுல தொண்ட அடைப்பான் நோய் கொண்டு போன கொழந்த. வென்கே பூ வச்சா. நம்மள்ல ஒருத்தராவது அங்க திரும்பிப் போகணும்னு தோணுச்சு. இது தப்பா?

ஈவார்


வார்டோ, 28 அக்டோபர் 1976

ஈவார்,

கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கீழே கட்டு. கோயிலுக்குப் பின்னால், பழைய தேவதாரு மரங்களுக்கு நடுவில். நிழல்தான், ஈரம்தான், இருக்கட்டும்.

மேலே அந்தச் சரிவில் வேண்டாம். ஏன் என்று கேட்காதே. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

போர்க்ஹில்ட்


பெர்கன், 14 நவம்பர் 1976

போர்க்ஹில்ட்,

"ஏன் என்று கேட்காதே." இதத்தான் என் வாழ்நாள் பூரா கேட்டுக்கிட்டிருக்கேன். ஊர விட்டு ஏன் வந்தோம்? கேக்காத. அம்மா ஏன் ஜன்னலப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கா? கேக்காத. அப்பா ஏன் சுவத்துல இருந்த மார்கித் படத்தக் கழட்டி அலமாரிக்கு அடீல போட்டார்? வாய மூடு. நீ இருபது வயசானதும் இந்த நாட்டோட கடைசி ஊரா பாத்து ஓடிட்ட. அம்மாவையும் அப்பாவையும் கடைசி வரைக்கும் வச்சுப் பாத்தவன் நான். அப்ப ஒரு வார்த்த கேட்டியா, தம்பி உனக்கு முடியுதான்னு?

இப்ப எனக்குன்னு ஒரு நல்ல எடம் கெடச்சா, கொண்டுபோயி கல்லறைக்குப் பின்னால நிழல்ல ஒக்காருங்கற. பொறாமைன்னுதான் நெனைக்கறேன். வேற காரணம் இருந்தா சொல்லியிருப்ப.

வென்கே மட்டும், "ஈவார், உன் அக்கா கோவத்துல எழுதல, பயத்துல எழுதியிருக்காங்க. நேர்ல போய்க் கேளு"ங்கறா. வார்டோ வரைக்கும் வந்து உன் மௌனத்தக் கேக்கறதுக்கு எனக்கு நேரம் இல்ல.

மனைக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. இனி இதப் பத்தி எழுதாத. எதப் பத்தியும் எழுதாத.

ஈவார்


பெர்கன், 19 பிப்ரவரி 1978

அக்கா,

பதினஞ்சு மாசம் ஆச்சு. நான்தான் எழுதாதன்னேன், அதுக்காக நெஜமாவே எழுதாம இருப்பியா? இதயும் வென்கே பக்கத்துல ஒக்காந்து பேனாவக் கையில திணிச்சதாலதான் எழுதறேன். அன்னிக்கு நான் எழுதினதுல பாதி வெறும் வாய்க்கொழுப்பு. மீதிப் பாதிய நேர்ல பேசிக்கலாம்.

குடில் முடிஞ்சுது. நானே ஆணி அடிச்சேன், நானே கூரைல புல்லு போட்டேன், நானே ஏணிலேர்ந்து விழுந்தேன். தெக்குச் சுவத்துல நீளமா ஒரு பெஞ்சு. வென்கே இப்பவே அது தன்னோடதுன்னு உரிமை கொண்டாடறா.

குடில்னா ஒரு நோட்டு இருக்கணுமே. யாரு வந்தா, எத்தன டிகிரி குளிரு, எந்த அடுப்பு பொகஞ்சுது, எல்லாம் எழுத. தோல் அட்டை போட்ட நோட்டு ஒண்ணு வாங்கியிருக்கா வென்கே. முதப் பக்கத்துல யாரையும் எழுத விடல. "அது உன் அக்காவுக்கு. நம்மள்ல அந்த ஊர்ல வாழ்ந்தது அவங்க மட்டும்தான்"ங்கறா. சில்யேவுக்குப் பதினொண்ணு ஆச்சு. பெரியத்தைய போட்டோவுல பாத்தது போதும்ங்கறா.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தி, சனிக்கிழமை, மார்ச் பதினெட்டு காலைல கெளம்பறோம். குடில்ல முழுசா தங்கற முதல் ஈஸ்டர். நீ வா. வரலன்னாலும் ஒரு வரி எழுது.

ஈவார்


வார்டோ, 4 மார்ச் 1978

அன்புள்ள ஈவார்,

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல் என்று கேட்டிருக்கிறேன். இன்று நான் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் எழுதிவிட வேண்டும்.

மார்கித்துக்குத் தொண்டை நோய் வரவில்லை. நீ ஆரஞ்சு உரித்துத் தின்னும் அந்தச் சரிவுதான் அவளைக் கொண்டு போனது.

1936 மார்ச். மூன்று நாள் பனி கொட்டிவிட்டு நான்காம் நாள் பளிச்சென்று வெயில். ஏரிக்கு அக்கரையில் இருந்த பெரியம்மா வீட்டிலிருந்து நானும் மார்கித்தும் சறுக்குக் கட்டையில் திரும்பிக்கொண்டிருந்தோம். காட்டைச் சுற்றி வந்தால் ஒரு மணி நேரம், சரிவின் குறுக்கே வந்தால் கால் மணி. எனக்குப் பசி. மார்கித் சொன்னாள், "அப்பா குறுக்க போகக் கூடாதுன்னாரே." நான், "பயந்தாங்கொள்ளி, அப்ப நீ சுத்திப் போ, நான் போயி எல்லாப் பணியாரத்தையும் தின்னுடுவேன்" என்றேன். அவள் அழுதுகொண்டே என் பின்னால் வந்தாள்.

நான் கடந்துவிட்டேன். பின்னால் ஒரு சத்தம், பெரிய கதவு ஒன்றை மெதுவாகச் சாத்தியது போல. திரும்பினேன். சரிவிலிருந்த பனி மொத்தமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. மார்கித் இல்லை. அவளுடைய ஊன்றுகோல் ஒன்று மட்டும் மேலே கிடந்தது.

இதுவரை எழுதியது கஷ்டமாக இல்லை. இதற்கு மேல்தான். ஊரே மண்வெட்டியோடு ஓடி வந்தபோது அப்பா என் தோளைப் பிடித்துக் கேட்டார், "யாருடி குறுக்க போகச் சொன்னது?" நான் சொன்னேன், "மார்கித்தான். நான் வேண்டாம்னேன், அவ கேக்கல."

அப்பா அதை நம்பினார். சாகும்வரை நம்பினார். சொல் பேச்சுக் கேட்காமல் செத்துப்போனாள் என்று ஒரு ஏழு வயதுக் குழந்தையின் மேல் கோபமாகவே இருந்தார். படத்தைக் கழற்றியது அதனால்தான். அம்மாவோ அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க முடியாது என்றாள், ஊரை விட்டு வந்தோம். உனக்குத் தொண்டை நோய் என்று சொல்லி வைத்தார்கள். நான் வடக்கே ஓடினேன் என்றாய். ஆமாம், ஓடினேன். உண்மையைச் சொன்னால் அப்பா என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம். அவர் போன பிறகு, நீ எப்படிப் பார்ப்பாய் என்ற பயம்.

வளைந்த பிர்ச் மரங்களைப் பற்றி எழுதினாயே. பனி ஒவ்வொரு வருடமும் அழுத்தி வளைத்தவை அவை. அந்தச் சரிவில் நாற்பது வயதைத் தாண்டிய மரம் ஒன்றுகூட இல்லை. அந்த ஊர்க்காரர்கள் ஒரு வைக்கோல் கொட்டகைகூட அங்கே போட்டதில்லை. ஓசெ என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளும் அன்று பனி தோண்டினாள்.

ஈஸ்டருக்கு அங்கே போகாதீர்கள். பனி பெய்து வெயில் அடித்தால் ஒரு நாள்கூட அங்கே இருக்காதீர்கள். குடிலைப் பிரித்துக் கீழே கொண்டுபோ. ஆகும் செலவை நான் தருகிறேன். என்னை வெறுப்பதென்றால் வெறு, ஆனால் முதலில் கீழே இறங்கு.

போர்க்ஹில்ட்


பெர்கன், 11 ஏப்ரல் 1978

போர்க்ஹில்ட்,

பேப்பர்ல பாத்திருப்ப. பேர் போட்டிருந்தாங்க. நீ அனுப்பின தந்தி வந்துது, நான் பதில் போடல.

சனிக்கிழமை, இருபத்தஞ்சு. அஞ்சு நாள் பனி, ஒரு அடி வெளிய வைக்க முடியல. அன்னிக்குக் காலைல வானம் தொறந்துது, வெயில் கண்ணக் கூசுச்சு. ஆரஞ்சு தீந்துபோச்சு. கடை மத்தியானம் வரைக்கும் தொறந்திருக்கும்னு நானும் சில்யேவும் கீழ எறங்கினோம். வென்கே பெஞ்சுல கம்பளி விரிச்சு ஒக்காந்துட்டா. "நான் வரல, இந்த வெயிலுக்குத்தான் அஞ்சு வருஷம் காத்திருந்தேன்"ன்னா. அதான் கடைசி.

கடைல நின்னுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுது. பெரிய கதவ மெதுவா சாத்தின மாதிரின்னு எழுதியிருக்க. ஆமா, அப்படித்தான் இருந்துது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கெடச்சா. ஏரி ஓரத்துல, பெஞ்சுப் பலகைக்கு அடீல. ஓசெதான் என்னப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அழுதுக்கிட்டே சொன்னாங்க: "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம் ஈவார். உங்க வீட்டுப் பொண்ணு போன எடம். தெரிஞ்சே கட்டறார், அவருக்கு ஏதோ வைராக்கியம்னு ஊரே நெனச்சுது. செத்த கொழந்தையப் பத்தி கூடப் பொறந்தவன்கிட்ட எப்படிப் பேச்செடுக்கறது?" ஒரு ஊர் பூரா நாகரிகம் பாத்து வாய மூடிக்கிட்டு, நான் ஆணி அடிக்கறதப் பாத்துக்கிட்டிருந்திருக்கு.

அடக்கம் முடிச்சு பெர்கன் வந்தது ஏப்ரல் மூணு. தபால் பெட்டில உன் கடிதம்.

எட்டு நாளா மேசை மேல இருக்கு. மேல மார்ச் நாலுன்னு தேதி போட்டிருக்க. உறைல வார்டோ தபாலாபீஸ் முத்திரை, மார்ச் இருபது. நாங்க கெளம்பினது பதினெட்டு. ஒரு வாரம் முன்னால போட்டிருந்தாக்கூட என் கையில கெடச்சிருக்கும்.

பதினோரு வயசுல நீ பொய் சொன்ன. கொழந்த. பயந்துட்ட. அத நான் மன்னிச்சுட்டேன், படிச்ச அன்னிக்கே மன்னிச்சுட்டேன். மார்கித்தும் மன்னிச்சிருப்பா. ஆனா அம்பத்தோரு வயசுல நீ எனக்குக் கொசுவப் பத்தி எழுதின. மீன் நாறும்னு எழுதின. அத எப்படி மன்னிக்கறதுன்னு எனக்குத் தெரியல. வென்கே ஒருத்திதான் உன் பயத்தப் புரிஞ்சுக்கிட்டா. அவளத்தான் அது கொண்டுபோச்சு.

பதினாறு நாள் அந்தக் கடிதம் எங்க இருந்துது?

ஈவார்


வார்டோ, 20 ஏப்ரல் 1978

ஈவார்,

என் கோட்டுப் பையில் இருந்தது.

தினமும் பள்ளி விட்டதும் தபாலாபீசுக்குப் போனேன். வரிசையில்கூட நின்றேன். என் முறை வரும்போது தபால்தலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். என்னிடம் இப்போது பதினொரு தபால்தலைகள் இருக்கின்றன. இருபதாம் தேதி காலை வானொலியில் மேற்கு மலைகளில் பனி நிற்காமல் கொட்டுகிறது என்றார்கள். ஓடிப்போய்ப் போட்டேன். நீங்கள் கிளம்பிவிட்டீர்கள் என்று தெரிந்தேதான் போட்டேன்.

பள்ளியில் தொலைபேசி இருக்கிறது. பதினெட்டுக்கு முன்னால் உன் பட்டறைக்குக் கூப்பிட்டிருக்கலாம். பிறகும் ஓசெயின் கடைக்குக் கூப்பிட்டு மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு முறை கையில் எடுத்தேன். நீ "ஏன்" என்று கேட்பாய் என்று வைத்துவிட்டேன். மார்கித்தைக் கொன்றது என் பசி. வென்கேயைக் கொன்றது என் மானம். இதற்கு மேல் எனக்காகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

உன்னிடம் வர நான் கேட்கவில்லை. சில்யேவிடம் எதையும் மறைக்காதே, அது ஒன்றுதான்.

போர்க்ஹில்ட்


பெர்கன், 18 ஜூன் 1978

போர்க்ஹில்ட்,

சில்யேகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் ரெண்டு கடிதத்தையும் படிச்சா. மறுநாள் காலைல, "அத்தை இப்ப தனியா இருக்காங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னேன்.

போன வாரம் பனி உருகினதும் ஓசெ ஆள் அனுப்பித் தேடச் சொல்லியிருக்காங்க. கூரைப் பலகை, அடுப்பு, சில்யேவோட ஒரு பூட்ஸ் கெடச்சுது. அந்த நோட்டும் கெடச்சுது. தோல் அட்டைங்கறதால உள்ள அதிகமா நனையல. மார்ச் பதினெட்டுலேர்ந்து வென்கே தெனமும் எழுதியிருக்கா. பனி, பனி, பனி, அடுப்பு பொகயுது, ஈவார் சீட்டாட்டத்துல ஏமாத்தறான். இருபத்தஞ்சாந்தேதில ஒரே வரி: "வெயில் வந்துட்டுது." முதப் பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு.

ஹௌகன் பக்கத்து மனைக்கு ரெண்டு குடும்பத்துக்கிட்ட முன்பணம் வாங்கியிருந்தார். திருப்பிக் குடுத்துட்டார். ஆனா அவரும் ஒருநாள் பண்ணைய வித்துட்டுப் போவார். ஓசெவும் போவாங்க. இன்னும் முப்பது வருஷத்துல வேறொருத்தன் கோடைல வந்து, ஆஹா என்ன வெயில், ஒரு மரம் வெட்ட வேண்டாம்னு சொல்லுவான்.

அந்த நோட்ட இதோட அனுப்பறேன். முதப் பக்கத்துல எழுது. நீ எங்க நின்ன, மார்கித் எங்க நின்னா, அவகிட்ட என்ன சொன்ன, அப்பாகிட்ட என்ன சொன்ன, எனக்கு என்னென்ன சொல்லாம விட்ட. எல்லாத்தையும் உன் பேர் போட்டு எழுது. அது ஓசெ கடைல, கல்லாவுக்குப் பக்கத்துல இருக்கும். மனை தேடி வர்றவன் காபி குடிக்கறதுக்கு முன்னால அதப் படிக்கணும்னு ஓசெகிட்ட சொல்லியாச்சு.

எனக்கு இனி எழுதாத. என்னால படிக்க முடியல. சில்யே எழுதினா அவளுக்குப் பதில் போடு, அவ எழுதுவான்னுதான் தோணுது.

நோட்டோட ஒரு உறை வச்சிருக்கேன். கடை விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டியாச்சு. எழுதி முடிச்ச அன்னிக்கே போட்டுடு.

ஈவார்